பனியின் உடல்

போகிமான் விளையாடுகிறவர்களிடம் கேரன் என்ற பெயரைச் சொன்னால் போதும், ஒரு வசனத்தை ஒப்பிப்பார்கள். 1999இல் ஜப்பானில் வெளிவந்த கோல்ட், சில்வர் ஆட்டங்களின் கடைசிக் கட்டத்தில் வரும் நால்வரில் ஒருத்தி அவள். டார்க் டைப்பில் கரைகண்டவள். அவளைத் தோற்கடித்ததும் அவள் பேசுவதன் சாரம் இது: வலுவானது, நோஞ்சான் என்று போகிமான்களைப் பிரிப்பதெல்லாம் மனிதர்களின் சுயநலம், நிஜமான கெட்டிக்காரர் தனக்குப் பிடித்ததை வைத்து ஜெயிக்கப் பார்க்க வேண்டும். கால் நூற்றாண்டாக இந்த ஆட்டத்தை நேசிப்பவர்களின் தாரக மந்திரம் இதுதான்.

சரி, அவளுடைய அணியைப் பார்ப்போம். அம்ப்ரியன், மர்க்ரோ, ஹவுண்டூம். மூன்றும் டார்க். நான்காவது வைல்ப்ளூம். தலையில் பெரிய பூவோடு நிற்கும் செடி, க்ராஸும் பாய்சனும் கலந்தது. ஐந்தாவது கெங்கார், பேய். இரண்டுக்கும் டார்க் டைப்புக்கும் ஸ்நானப்ராப்திகூடக் கிடையாது. இத்தனைக்கும் அந்த ஆட்டத்தில் டார்க் போகிமான்கள் மொத்தம் ஆறு. அதில் ஒன்று ஹவுண்டூமின் குட்டிப் பருவம். அதைத் தள்ளினால் மிச்சம் ஐந்து. கேரனுக்குத் தேவையும் ஐந்து. ஸ்நீசலும் டைரானிடாரும் வாசலில் நிற்க, பூச்செடிக்கும் பேய்க்கும் இலை போட்டிருக்கிறார்கள். வைல்ப்ளூம்தான் அவளுக்குப் பிடிச்சிருந்ததுன்னா நான் என்ன சொல்ல முடியும்.

இது கேரனின் தனிப்பட்ட குற்றமல்ல. 1996இல் வந்த முதல் ஆட்டத்திலேயே இப்படித்தான். லொரலை ஐஸ் டைப்பின் நிபுணி, ஆனால் ஸ்லோப்ரோ வைத்திருப்பாள். அகதா பேய்களின் கிழவி, ஆனால் அவளிடம் ஒரு பாம்பும் ஒரு வௌவாலும் உண்டு. டிராகன்களின் தலைவன் லான்ஸிடம் இருக்கும் ஐந்தில் இரண்டு, டைப்படி டிராகனே அல்ல. உச்சகட்டம் 2006இல் வந்த டைமண்ட், பேர்ல் ஆட்டங்களின் ஃப்ளிண்ட். தீயின் மன்னன் என்று அறிமுகமாகும் இவனிடம் உள்ள ஐந்து போகிமானில் தீ இரண்டே இரண்டு. மற்றவை ஓர் இரும்புப் பாம்பு, ஒரு பலூன், ஒரு முயல். அந்த ஊர்ப் பட்டியலில் தீ டைப்புக்கு இரண்டு குடும்பங்கள்தான் இருந்தன என்பது காரணம். இரண்டு வருடம் கழித்துப் பிளாட்டினம் ஆட்டத்தில் வெட்கப்பட்டுத் திருத்திக்கொண்டார்கள்.

இதை வெறும் வேடிக்கைத் தகவலாக எனக்குப் பார்க்க முடியவில்லை. இந்த ஆட்டத்தின் கதையுலகமே ஒற்றை டைப் நிபுணர்களின் மேல் கட்டப்பட்டது. ஊருக்கு ஒரு ஜிம், ஜிம்முக்கு ஒரு தலைவர், தலைவருக்கு ஒரு டைப். ஒன்றையே நேசித்து அதிலேயே வாழ்ந்து தேர்ந்தவர்கள் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அவர்கள் எழுதப்பட்டிருப்பதோ தோற்பதற்கு. முதல் தலைவன் ப்ராக்கிடம் இருப்பது இரண்டு போகிமான்கள். இரண்டும் ராக்கும் க்ரவுண்டும் கலந்தவை. தண்ணீர் பட்டால் நான்கு மடங்கு அடி. கையில் ஒரு குட்டி ஆமையோடு வரும் பத்து வயதுப் பையன் அவனுடைய வாழ்நாள் உழைப்பை மூன்று நிமிடத்தில் கழுவிவிட்டுப் பதக்கத்தை வாங்கிக்கொண்டு போகிறான். எல்லாவற்றிலும் ஒன்றை வைத்திருப்பவன் ஜெயிப்பான், ஒன்றையே பிடித்துக்கொண்டிருப்பவன் தோற்பான். கதை மேலே ஒன்று பேசுகிறது, கணக்கு கீழே வேறொன்று சொல்லிக்கொடுக்கிறது.

அந்தத் தலைவர்கள் சொல்லிக்கொண்டதை நிஜமாகவே செய்து பார்க்கும் ஒரு வடிவத்தை விளையாடுகிறவர்களே உண்டாக்கிக்கொண்டார்கள். அதன் பெயர் மோனோடைப். போகிமான் ஷோடவுன் என்ற இலவசத் தளத்தில் யாரும் விளையாடலாம். விதி ஒரே வரிதான்: உன் ஆறு போகிமான்களுக்கும் பொதுவாக ஒரு டைப் இருக்க வேண்டும். ஸ்லோப்ரோவைச் சேர்த்தால் லொரலைக்கு உள்ளே அனுமதி இல்லை. இப்போதைய தலைமுறை ஆட்டத்தில் போட்டியின் நடுவே ஒரு போகிமானின் டைப்பையே மாற்றிக்கொள்ளும் டெரஸ்டல் என்ற வித்தை உண்டு. மோனோடைப்பில் அதற்கும் தடை. இல்லாவிட்டால் வடிவமே கரைந்துவிடும்.

இந்த வடிவத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன், அதுவும் ஐஸ் டைப்பை வைத்து. காரணம் எளிது. நான் ஐஸ் ஆடுகிறேன். ஜெயிக்கிறதுக்குன்னு யாரும் ஐஸ் எடுக்க மாட்டாங்க.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. டைப்புகள் மொத்தம் 18. ஒவ்வொன்றும் சிலவற்றை இரண்டு மடங்கு அடிக்கும், சிலவற்றிடம் இரண்டு மடங்கு வாங்கும், சிலவற்றைப் பாதியாகத் தாங்கும். ஒரு போகிமானுக்கு அதிகபட்சம் இரண்டு டைப்புகள் இருக்கலாம். அப்போது மடங்குகள் ஒன்றோடொன்று பெருகும். இரண்டும் பலவீனம் என்றால் நான்கு மடங்கு. ஒன்று பலவீனம், இன்னொன்று தாங்கும் என்றால் சமனாகி ஒரு மடங்கு. அவ்வளவுதான். இந்தப் பெருக்கல் கணக்கிலிருந்துதான் மற்ற எல்லாமே முளைக்கின்றன.

ஐஸ் டைப் அடிப்பதில் அழகானது. க்ராஸ், க்ரவுண்ட், ஃப்ளையிங், டிராகன் நான்கையும் இரட்டிப்பாக அடிக்கும். வாங்குவதில் பரிதாபம். ஃபயர், ஃபைட்டிங், ராக், ஸ்டீல் நான்கும் அதை உடைக்கும். 18 டைப்புகளில் அது பாதியாகத் தாங்குவது ஒன்றே ஒன்றை. தன்னைத்தான்.

முதல் ஆட்டத்தில் நிலைமை இவ்வளவு மோசமில்லை. அப்போது ஸ்டீல் என்ற டைப்பே கிடையாது. தீயும் பனியைப் பாதியாகத் தாங்காது. ப்ளிஸார்ட் என்ற பனிப்புயல் அடி நூற்றுக்குத் தொண்ணூறு தடவை குறி தவறாது. அதில் உறைந்துபோன போகிமான் தானாகக் கரைந்து எழவும் முடியாது. எதிராளி தீயால் தொட்டால்தான் உயிர் வரும். அந்தக் காலத்தின் பலசாலிகளை எடுத்துப் பாருங்கள். டாரஸ் என்ற காளை, சான்ஸி என்ற தாதி, ஸ்டார்மி என்ற நட்சத்திரமீன். எல்லோர் கையிலும் ப்ளிஸார்ட் இருக்கும். ஒருவர்கூட ஐஸ் டைப் இல்லை.

இதை நான் கவனித்தது ரொம்ப நாள் கழித்துத்தான். கவனித்ததும் இந்த டைப்பின் முழு வரலாறும் ஒரே வாக்கியமாகத் தெரிந்தது. எல்லோருக்கும் பனியின் ஆயுதம் வேண்டும், பனியின் உடல் யாருக்கும் வேண்டாம். இன்றைக்கும் அப்படித்தான். தண்ணீர்ப் போகிமான் ஒன்று ஐஸ் பீமைக் கற்றுக்கொண்டு டிராகன்களை வீழ்த்திவிட்டு நிம்மதியாக இருக்கும். பனியாகவே பிறந்தது மட்டும் நான்கு பக்கமும் அடி வாங்கும். மோனோடைப்பில் ஐஸ் எடுப்பது என்றால் அந்த உடலுக்குள் குடிபோவது.

இன்னொன்றும் உண்டு. முதல் ஆட்டத்தில் ஐஸ் டைப் உள்ளவை ஐந்தே ஐந்து: ட்யூகாங், க்ளாய்ஸ்டர், ஜின்க்ஸ், லாப்ரஸ், ஆர்ட்டிகுனோ. ஐந்துமே கலப்பு. மூன்று தண்ணீரோடு, ஒன்று சைக்கிக்கோடு, ஒன்று சிறகோடு. ஐஸ் மட்டுமேயான ஒன்று மூன்றாம் தலைமுறை வரை பிறக்கவே இல்லை. அணி கட்டிப் பழகும் வரை இது ஏன் முக்கியம் என்று எனக்கு விளங்கவில்லை.

நான் முதன்முதலாகக் கட்டிய ஐஸ் அணி ரொம்ப விசுவாசமானது. முடிந்தவரை சுத்தமான பனி. பார்க்க அழகாக இருந்தது. தீக்கோழி மாதிரி ஏதோ ஒன்று உள்ளே வந்து ஆறையும் வரிசையாகப் பொசுக்கிவிட்டுப் போனது. நான்கைந்து நாள் இப்படியே தோற்றேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. ஒற்றை டைப் அணி கட்டுவது என்பது அந்த டைப்பைத் தேர்ந்தெடுப்பது அல்ல. அது ஏற்கெனவே முடிந்துபோன விஷயம். நீ தேர்ந்தெடுப்பது இரண்டாவது டைப்பை.

மற்ற வடிவங்களில் ஓட்டை இருந்தால் அடைக்கலாம். தீக்குப் பயமா, ஒரு தண்ணீர்ப் போகிமானைக் கொண்டுவா. இங்கே அடைக்க முடியாது. ஆறு பேருக்கும் ஒரே ஓட்டை. அதை ஆறு பேரின் மேலும் சமமாக விழாதபடி சாய்த்துவிட மட்டும் முடியும். தீக்கு எதிரே யார் நிற்பது, பாறைக்கு எதிரே யார் நிற்பது என்று. நிற்பது என்றால் ஜெயிப்பது இல்லை. ஒரு அடி வாங்கிச் சாகாமல் இருப்பது.

மாமோஸ்வைனைப் பார்த்தால் புரியும். தந்தங்களோடு மயிர் அடர்ந்த பன்றி மாதிரி இருக்கும். ஐஸும் க்ரவுண்டும். க்ரவுண்ட் டைப் பாறையைப் பாதியாகத் தாங்கும் என்பதால் ராக்கின் இரட்டிப்பு அங்கே சமனாகிறது. இதற்குத் திக் ஃபேட் என்ற இயல்பும் உண்டு. தடித்த கொழுப்பு. தீயின் அடியும் பனியின் அடியும் பாதியாகக் குறையும். ஆக, ஃபயரும் சமன். நான்கு எதிரிகளில் இரண்டு பேரை ஒரே உடல் சாதாரண ஆட்களாக்கிவிடுகிறது. அதுக்கு மேல எர்த்க்வேக் அடிச்சா ஸ்டீலும் ஃபயரும் சேர்ந்த ஹீட்ரானுக்கு நாலு மடங்கு. ஐஸ் அணியின் முதுகெலும்பு ஐஸ் அல்ல, அந்தப் பன்றியின் கொழுப்பும் மண்ணும்தான்.

க்ளாய்ஸ்டர் தண்ணீரும் ஐஸும். தண்ணீர் டைப் தீயையும் ஸ்டீலையும் பாதியாகத் தாங்கும் என்பதால் இரண்டும் சமனாகும். என் ஆறில் ஸ்டீல் அடிக்கு இரட்டிப்பு வாங்காதது இது ஒன்றுதான். ஃப்ராஸ்லாஸ் ஐஸும் கோஸ்ட்டும். ஃபைட்டிங் அடி அதைத் தொடவே தொடாது, ஊடுருவிப் போய்விடும். வீவைல் ஐஸும் டார்க்கும். ஃபைட்டிங்கிடம் நான்கு மடங்கு வாங்கும், ஆனால் வேகம் அபாரம். லோ கிக் என்ற அடியைக் கொடுத்தால் எதிராளியின் எடைக்கு ஏற்ப வலி கூடும். 430 கிலோ ஹீட்ரான் முன்னால் இந்தக் குட்டிப் பூனையைக் கொண்டுபோய் நிறுத்துவதில் ஒரு குரூரமான சந்தோஷம் இருக்கிறது.

அலோலா நைன்டேல்ஸ் ஐஸும் ஃபேரியும். உள்ளே வந்ததும் பனி பெய்யும். பெய்யும்போது அரோரா வெயில் என்ற திரையைக் கட்டினால் ஐந்து சுற்றுக்கு நம் பக்கம் விழும் அடி பாதியாகிறது. லைட் க்ளே என்ற பொருளைக் கையில் கொடுத்தால் எட்டு சுற்று. 2022இல் வந்த ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களிலிருந்து பனி பெய்தால் ஐஸ் டைப்புகளின் தற்காப்பு ஒன்றரை மடங்காகிறது. மணற்புயலில் ராக் டைப்புகளுக்கு இதே போன்ற சலுகை 2006லேயே கிடைத்துவிட்டது. பதினாறு வருடம் கழித்துத்தான் யாருக்கோ பனி ஞாபகம் வந்திருக்கிறது.

ஆறாவது அவலக். முதுகு தட்டையான ஒரு பனிப்பாறை, நான்கு கால். சுத்தமான ஐஸ், வேறு எதுவும் இல்லை. நான்கு பலவீனமும் முழுசாக இருக்கும் ஆள். உடல்ரீதியான தற்காப்பு 184, ஸ்பெஷல் தற்காப்பு 46. அதாவது முட்டினால் மலை, ஊதினால் கண்ணாடி. இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்காதவர் இல்லை. வைத்திருப்பதற்கு நியாயமான காரணங்கள் உண்டு, பின்னால் வருகிறேன். நியாயமில்லாத காரணம், எனக்கு அதைப் பிடிக்கும்.

தமிழில் இதற்கு ஒரு பழைய சொந்தக்காரர் இருக்கிறார். நிரோட்டகம். உதடு ஒட்டாமலும் குவியாமலும் செய்யுள் எழுதுவது. இதழகல் என்றும் சொல்வார்கள். சிவப்பிரகாசர் 17ஆம் நூற்றாண்டில் திருச்செந்தூர் முருகன்மேல் ஒரு நிரோட்டக யமக அந்தாதி பாடினார். ‘ம’ சொன்னால் உதடு மூடிவிடும். ஆக, முருகனைப் பாடும் நூலில் முருகன் என்ற பெயரைச் சொல்ல முடியாது. பள்ளியில் இதைக் கேள்விப்பட்டபோது சர்க்கஸ் என்றுதான் நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கட்டுப்பாடு ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொண்டதும் கவி அந்தப் பெயரைச் சுற்றியுள்ள எல்லாத் தெருக்களிலும் நடந்தாக வேண்டியிருக்கிறது. ஐஸ் அணி கட்டுகிறவன் ஐஸைத் தவிர மற்ற பதினேழையும் படிக்க வேண்டியிருப்பது அதனால்தான். வாசலில் எழுதியிருக்கும் பெயர் ஒன்று. உள்ளே வீட்டைத் தாங்குவது தண்ணீரும் மண்ணும் இருட்டும் பேயும்.

இது வரைக்கும் நான் மோனோடைப்பை வாயாரப் புகழ்ந்துவிட்டேன். இனி குறை.

ஷோடவுனில் ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு அணிகளும் திரையில் ஒன்றுக்கொன்று தெரியும். மற்ற வடிவங்களில் இது யோசிக்க வேண்டிய நேரம். மோனோடைப்பில் பாதி நேரம் அதுவே தீர்ப்பு. நீ ஐஸ், அவர் டிராகன் என்றால் உனக்குப் பாயசம். நீ ஐஸ், அவர் ஸ்டீல் என்றால், ஆட்டம் முடிஞ்சிருச்சுன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். ஸ்டீல் பத்து டைப்புகளைப் பாதியாகத் தாங்கும், பாய்சன் அதன்மேல் ஏறவே ஏறாது. ஸ்டீல் அணி கட்டுவது அரசாங்க வேலைக்குப் போவது போல. ஓட்டை இருக்கும், ஆனால் அந்த ஓட்டை வழியாக யாரும் வருவதற்குள் ஓய்வூதியம் வந்துவிடும். என் அத்தை மகன் ஸ்டீல்தான் ஆடுகிறான். ஒரு நாள் கேட்டான், “அண்ணா, ஸ்டீல் வந்தா நீ என்னதான் பண்ணுவ?”

“ஆடுவேன்டா.”

“தோத்துருவியே.”

“தெரியும்.”

“அப்புறம் எதுக்கு?”

இந்த ‘எதுக்கு’தான் விஷயம். ஒரு வடிவம் இவ்வளவு தடவை முன்தீர்ப்போடு வருகிறது என்றால் அது மோசமான வடிவமா? போட்டி என்ற அளவுகோலில் ஆமாம், கொஞ்சம் மோசம்தான். இதை மறைத்துப் பேசும் ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை. யார் எந்த டைப் அதிகம் ஆடுகிறார்கள் என்று பார்த்து, அதை வெட்டும் டைப்பை எடுத்துக்கொண்டு வந்து ஏணியில் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். அது திறமை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே விளையாடப்படுவது டைப் அல்ல, கூட்டம். ஒற்றை டைப்பின் மேல் கட்டிய வடிவத்தில் யாருமே எந்த டைப்பிலும் நிலைத்து வாழாமல் இருக்கலாம் என்பது இதன் பெரிய பலவீனம். ஃப்ளிண்ட் கையில் இருந்த முயலுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

ஆனால் தீர்ப்பு வந்தபிறகு ஆடப்படும் ஆட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை வேறு எந்த வடிவத்திலும் நான் பார்த்ததில்லை. ஒன்றைச் சொல்கிறேன்.

முகம் தெரியாத ஒருவர், ஸ்டீல் அணி. எக்ஸ்காட்ரில், கோல்டென்கோ, கிங்காம்பிட், சைசர், ஹீட்ரான், கோர்விநைட். பார்த்ததும் தண்ணீர் குடிக்கப் போகலாமா என்று இருந்தது. நைன்டேல்ஸை இறக்கினேன், அவர் எக்ஸ்காட்ரிலை. பனி பெய்தது. நான் திரையைக் கட்டினேன், அவர் அடிக்காமல் ஸ்டெல்த் ராக் போட்டார். என் பக்கத்துத் தரையில் கூர்மையான பாறைகள் மிதக்கும். இனி யார் உள்ளே வந்தாலும் குத்தும். மாமோஸ்வைனுக்கு எட்டில் ஒரு பங்கு உயிர் போகும். மற்ற ஐந்து பேருக்கும் கால் பங்கு. அவசரமே இல்லாத, ஐஸ் டைப்பை நன்றாகப் படித்தவரின் நகர்வு.

பாறைகளை அகற்ற என்னிடம் இருந்தது அவலக்கின் ராபிட் ஸ்பின். சுழன்று தரையைத் துடைக்கும் அடி. அது அவருக்கும் தெரியும். பேயின்மேல் அந்தச் சுழற்சி படாது. கோல்டென்கோ ஸ்டீலும் பேயும் சேர்ந்த காசுமாலைப் பொம்மை. நான் அவலக்கைக் கொண்டுவந்தால் அவர் கோல்டென்கோவைக் கொண்டுவருவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முடிவெடுக்க வேண்டும், ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாது. இங்கேதான் இந்த ஆட்டம் கணக்கை விட்டு வெளியே வருகிறது. அவர் என்னை என்னவாக நினைக்கிறார் என்று நான் நினைக்க வேண்டும். பயந்துபோன ஐஸ்காரன், முதல் வேலையாகத் தரையைத்தான் துடைப்பான் என்று நினைப்பார். நான் துடைக்கவில்லை. எர்த்க்வேக் அடித்தேன். கோல்டென்கோ உள்ளே வந்து அப்படியே அதன்மேல் நின்றது. பாதிக்கு மேல் உயிர் போனது.

அடுத்த சுற்றில் அவலக் சாகும் என்று தெரியும். கோல்டென்கோவின் காசு மழை ஸ்பெஷல் அடி, ஸ்டீல் அடி. அந்த 46க்கு முன்னால் திரையெல்லாம் ஒரு பொருட்டல்ல. வேறு யாரைக் கொண்டுவந்தாலும் பாறை குத்தி, காசு மழையும் வாங்கிச் சாவார்கள். அவலக்கையே நிற்க விட்டேன். செத்தது. காலியான இடத்தில் வீவைல் வந்து கோல்டென்கோவை நாக் ஆஃப் அடியால் முடித்தது.

அதற்குப் பிறகு ஆட்டம் ஏறக்குறைய சமமாகப் போனது. கொஞ்ச நேரம் நான் ஜெயித்துவிடுவேன் என்றுகூட நம்பினேன். ஹீட்ரான் உள்ளே வரும் என்று ஊகித்து மாமோஸ்வைன் அடித்த எர்த்க்வேக் சரியாக விழுந்தது. பிறகு திரை கிழிந்தது, பனி நின்றது. சைசரின் புல்லட் பன்ச் எப்போதும் முந்திக்கொண்டு விழும் அடி, எவ்வளவு வேகமும் அதற்கு முன் செல்லாது. அது ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டது. அவரிடம் இரண்டு பேர் மிச்சம் இருக்கும்போது என்னிடம் யாருமில்லை. நல்ல ஆட்டம் என்று அவர் எழுதினார். நானும் எழுதினேன். சம்பிரதாயமாக எழுதுவதுதான், அன்றைக்கு இரண்டு பேரும் நிஜமாகவே எழுதினோம் என்று எனக்குத் தோன்றியது.

ஜெயிக்கும் டைப்பை ஆடும்போது என் முடிவுகள் என்னுடையவை என்று எனக்குத் தோன்றுவதில்லை. ஸ்டீலை நானும் ஒரு மாதம் ஆடிப் பார்த்திருக்கிறேன். மடங்குகள் ஆடுகின்றன, நான் பொத்தானை அழுத்துகிறேன். ஐஸில் மடங்குகள் எனக்கு எதிராக நிற்கின்றன. அதனால் அந்த ஒரு எர்த்க்வேக் என்னுடையது. கேரன் சொன்னதில் எனக்குப் போதாமல் தெரிவது இங்கேதான். பிடித்ததை வைத்து ஜெயிக்கப் பார் என்கிறாள். பிடித்ததை வைத்துத் தோற்கும்போது என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவளிடம்தான் கெங்கார் இருந்ததே.

ஸ்கார்லெட், வயலெட் ஆட்டங்களில் ஒரு ஐஸ் ஜிம் தலைவன் இருக்கிறான், க்ருஷா. பனிச்சறுக்கு வீரனாக இருந்தவன், அந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கே வந்தவன். சலிப்பான முகம். அவனுடைய நான்கில் முதல் மூன்று ஐஸ். நான்காவதாக ஆல்டேரியாவை இறக்குவான். பஞ்சுச் சிறகுகள் கொண்ட டிராகன் பறவை, பனி பட்டால் நான்கு மடங்கு வாங்குவது. டெரஸ்டல் வித்தையால் அதை ஐஸாக மாற்றுவான். எழுதியவர்களின் பழைய பழக்கம்தான், வெளியாளைக் கொண்டுவந்து நிறுத்துவது. ஆனால் இந்த ஒரு தடவை எனக்குக் கோபம் வரவில்லை. பனிக்குச் சாக வேண்டிய ஒன்று பனியின் உடலை உடுத்திக்கொண்டு நிற்கிறது. லொரலையின் ஸ்லோப்ரோவில் இல்லாத ஏதோ ஒரு யோசனை இதில் இருக்கிறது.

அந்த ஸ்டீல் ஆட்டத்தின் பதிவை அத்தை மகனுக்கு அனுப்பியிருந்தேன். முழுசாகப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். எர்த்க்வேக்கைப் பாராட்டுவான் என்று நினைத்தேன்.

“அண்ணா, அவலக்குக்கு என்னென்ன அடி வச்சிருக்க?”

சொன்னேன். உயிரைக் கூட்டிக்கொள்ள ரெக்கவர். தரையைத் துடைக்க ராபிட் ஸ்பின். பாடி ப்ரெஸ், அது தன் தற்காப்பையே பலமாக்கி அடிக்கும் ஃபைட்டிங் அடி, கிங்காம்பிட் மாதிரி ஆளுக்கு நான்கு மடங்கு விழும். நான்காவது எர்த்க்வேக்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். “உன் டீம்லயே சுத்தமான ஐஸ் அது ஒண்ணுதான். அதுகிட்ட ஒரு ஐஸ் அடிகூட இல்லையே.”

எனக்கு அது உறைக்கவே இல்லை அதுவரை. அன்று இரவே எர்த்க்வேக்கை எடுத்துவிட்டு அவலாஞ்ச் என்ற பனிச்சரிவு அடியை வைத்தேன். ஒரு வாரம் ஆடினேன். டிராகன்களுக்கு எதிரே அது கம்பீரமாகத்தான் இருந்தது, ஆனால் டிராகன்களை அடிக்க மற்ற ஐந்து பேரே போதும். கோல்டென்கோ வந்து நின்றபோது அவலக்கிடம் அதைத் தொட உருப்படியாக ஒன்றுமில்லை. சுழற்சி படாது, பாடி ப்ரெஸ் பேயின்மேல் படாது, பனிச்சரிவு பாதிதான். மூன்று தடவை அதே மாதிரி தோற்றபிறகு எர்த்க்வேக்கைத் திரும்ப வைத்துவிட்டேன்.